மாதவிடாய் நிற்கும் காலம்: உடம்பில் என்ன நடக்கிறது, எது உண்மையில் உதவுகிறது

கல்லூரியில் படித்தபோது இரண்டு வருடம் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டில் தினமும் இரவு ஃபேன் ரெகுலேட்டரோடு ஒரு போராட்டம் நடக்கும். சித்தி அதை ஐந்தில் வைப்பார். பத்து நிமிடத்தில் குளிருகிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டு இரண்டுக்குக் குறைப்பார். பிறகு மறுபடி எழுந்து, ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, ஜன்னலோரம் போய் நிற்பார். "உடம்புல சூடு ஏறிப்போச்சு" என்பார். அதற்காகக் காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் மோர், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஒன்றுக்கும் அது மசியவில்லை. அவருக்கு அப்போது 47 வயது. மெனோபாஸ் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை, சித்தி உட்பட.

பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சொல்கிறவர்கள் நாம். அது நிற்கும்போது மட்டும் "நின்னுபோச்சு" என்று அடுப்படியில் ஒரு முணுமுணுப்போடு சரி. பழைய உலா இலக்கியங்கள் பெண்ணின் வயதைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாகப் பிரித்தன. கடைசிப் பருவமான பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. அதற்கு மேல் பருவமே கிடையாது! இன்று 40 வயதைத் தாண்டும் பெண்ணுக்கு அதற்கப்புறமும் முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்க்கை இருக்கிறது.

எதை மெனோபாஸ் என்கிறோம்?

கர்ப்பமோ தாய்ப்பால் கொடுப்பதோ மாத்திரையோ வேறு நோயோ காரணமாக இல்லாமல், தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால் அதுதான் மெனோபாஸ். "இன்று எனக்கு மெனோபாஸ்" என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான், கடைசியாக வந்தது அன்றைக்குத்தான் என்று தெரிந்துகொள்கிறோம். பதினோராவது மாதம் ஒரு முறை வந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்குச் சில வருடங்கள் முன்னதாகவே, 46, 47 வாக்கில் வந்துவிடுவதாக இங்கே நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 45க்குள் நின்றால் சீக்கிரம். 40க்குள் நின்றால் அது இயல்பான மெனோபாஸ் இல்லை. "அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் அவசியம் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பும் இதயமும் பல வருடங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் ஓட வேண்டியிருக்கும் என்பதால், அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையே பெரும்பாலும் முதல் ஆலோசனையாக இருக்கும்.

காரணம் எளிமையானது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். வாழ்நாள் முழுவதும் மாதா மாதம் வெளிவருபவை 400, 500தான். மற்றவை தானாகவே கரைந்து போகும். இருப்பு தீரத் தீர, ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைகிறது. இதில் நோய் என்று எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் குறைவு படிப்படியாக நடப்பதில்லை. கரன்ட் போவதற்கு முன்னால் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்குமே, பல்பு மினுக்கி, மிக்ஸி உறுமி... அந்த மாதிரி. மெனோபாஸுக்கு முந்தைய இந்தக் கட்டத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். நாலைந்து வருடம் நீடிக்கலாம், சிலருக்கு இன்னும் அதிகம். பெண்கள் அதிகமாகச் சிரமப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், முற்றிலும் நின்ற பிறகு அல்ல. ஒரு மாதம் இருபது நாளில் வரும், அப்புறம் இரண்டு மாதம் காணாது. திடீரென்று கோபம், காரணமில்லாத அழுகை, மூட்டு வலி, படபடப்பு, ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பது. இந்த மறதியைப் பார்த்து மூளைக்கே ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் பலர். பெரும்பாலானவர்களுக்கு அது நாளாக ஆகத் தெளிந்துவிடும்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, "போகிற காலத்தில் இப்படித்தான் கொட்டும்" என்ற பேச்சு. மணிக்கு ஒரு நாப்கின் மாற்றும் அளவுக்கு, கட்டி கட்டியாகப் போனால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. ரத்தசோகை வந்து, களைப்பையும் மூச்சு வாங்குவதையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடுவார்கள். தைராய்டு குறைபாடும் இதே வேடத்தில் வரும்: களைப்பு, எடை கூடுவது, மனச்சோர்வு. 45 வயதுக்கு மேல் மெனோபாஸை உறுதிசெய்ய ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பதில்தான் பிரயோஜனம் அதிகம். இரண்டு, பெரிமெனோபாஸில் கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது. 50 வயதுக்கு மேல் நின்றால் ஒரு வருடம், அதற்கு முன்பே நின்றால் இரண்டு வருடம் வரை கருத்தடையைத் தொடரச் சொல்வார்கள்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

சித்தியின் பிரச்சினைக்கு ஹாட் ஃபிளாஷ் என்று பெயர். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று அனல் ஏறும். சில நிமிடம் வியர்த்துக் கொட்டும். பிறகு குளிர் நடுக்கம். முக்கால்வாசிப் பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் இது வரும். அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இது வந்தவர்களுக்குச் சராசரியாக 7 வருடங்களுக்கு மேல் நீடித்தது 2015இல் தெரிய வந்தது. ஆறு மாதத்தில் போய்விடும் என்று ஆறுதல் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நம் ஊரில் சொல்லும் "உடம்புச் சூடு" வேறு, இது வேறு. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிறது. குக்கர் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான வெயிட் இருந்தால், உள்ளே நல்ல அழுத்தம் சேர்ந்த பிறகுதான் விசில் வரும். வெயிட் லேசாகிவிட்டால் கொஞ்சம் ஆவி வந்தாலே விசில் அடித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஹைப்போதலாமஸில் உள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாகி, இந்த வெயிட்டை லேசாக்கிவிடுகின்றன. அறையின் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும், சூடான காபி ஒரு வாய் குடித்தாலும், "ஐயோ கொதிக்கிறது, ஆற்று" என்று உத்தரவு போய்விடுகிறது. ரத்தக் குழாய் விரிந்து, வியர்வை கொட்டி, உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. அப்போதுதான் போர்வை. இந்த நரம்பணுக்களின் சமிக்ஞையை மட்டும் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஹார்மோன் அல்லாத மருந்து அது.

மோரும் வெந்தயமும் சித்திக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கோளாறு வயிற்றில் இல்லை, வெயிட்டில் இருந்தது.

இயற்கை முறை: எதற்கு எது?

"மெனோபாஸுக்கு இயற்கை மருந்து" என்று யாராவது எதையாவது நீட்டினால் நான் கேட்கும் ஒரே கேள்வி, எந்தத் தொந்தரவுக்கு என்பதுதான். அனலுக்கா, தூக்கத்துக்கா, எலும்புக்கா, வறட்சிக்கா? எல்லாவற்றுக்கும் ஒரே பொடி என்றால், அதை விற்கிறவருக்குத்தான் லாபம்.

முதலில் அனல். இதற்கு ஆளி விதை நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் சிறு குழுவுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஹாட் ஃபிளாஷ் நன்றாகவே குறைந்தது. உலகம் முழுக்கச் செய்தி பரவியது. பிறகு 188 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆளி விதை கலந்த தின்பண்ட பாரும், மறுபாதிக்கு அது இல்லாத பாரும் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்களுக்குத் தொந்தரவு பாதியாகக் குறைந்தது. அதாவது விதை இல்லாத பாருக்கும் அதே பலன்! மெனோபாஸ் வைத்தியத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கதை போதும். எதையாவது சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையும், தானாகவே குறைவதும் சேர்ந்து எந்தப் பொடியையும் வேலை செய்வது போலக் காட்டிவிடும். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது" என்பது பொய்யில்லை. ஆனால் எதனால் கேட்டது என்பது அக்காவுக்கும் தெரியாது.

ஆளி விதையில் நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கலுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். அனலுக்காக என்று மட்டும் வாங்காதீர்கள். சோயா கொஞ்சம் சிக்கலான கேஸ். அதில் ஈஸ்ட்ரோஜனைப் போலச் சற்றே நடிக்கும் ஐசோஃபிளேவோன் இருக்கிறது. அதை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. அதனால் ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது, ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம், ஹார்மோன் அல்லாத வழிகளை 2023இல் ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தது. மருந்தில்லாத வழிகளில், அனலைச் சமாளிக்க உதவும் என்று அது ஏற்றுக்கொண்டவை மூன்றே மூன்று முக்கியமானவை: சிபிடி எனப்படும் மனப்பயிற்சி, மருத்துவ ஹிப்னாஸிஸ், அதிக எடை உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு. யோகா, மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, மூலிகை, சோயா எதுவும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இதைப் படித்துவிட்டு யோகா பாயைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். அனலைக் குறைக்காது என்றுதான் சொன்னார்கள், பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. தூக்கத்துக்கும் மனநிலைக்கும் மூட்டுக்கும் அதனால் நன்மை உண்டு.

சிபிடி என்றதும் மனநோய் என்று எண்ண வேண்டாம். அனல் வரும்போது "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், மானம் போகிறது" என்று மனம் ஓடுமே, அந்த ஓட்டம் படபடப்பைக் கூட்டி அனலை இன்னும் பெரிதாக்குகிறது. அதைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான் அது. அனல் வருவது பெரிதாகக் குறையாமல் இருக்கலாம், அது படுத்தும் பாடு குறையும். தூக்கத்துக்கும் இதே முறையில் தனிப் பயிற்சி இருக்கிறது, மாத்திரையைவிட நீடித்த பலன் தரும்.

மற்றபடி பருத்திப் புடவை, தலைமாட்டில் சொம்புத் தண்ணீர், மாலைக் காபியை மதியத்தோடு முடித்துக்கொள்வது, காரமும் மதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைப்பது. இவற்றுக்குப் பெரிய ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. செய்து பார்ப்பதில் என்ன?

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா இரண்டையும் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பவைதான். சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆளி விதைக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு மாத்திரையோடும் அது மோதும். வெளிநாட்டு மாத்திரைகளில் வரும் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகைக்கும் இதே கல்லீரல் எச்சரிக்கை உண்டு. சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சித்த மருத்துவரிடம் போனால் உங்கள் ஆங்கில மாத்திரைகளின் சீட்டையும் காட்டுங்கள்.

களியும் கேழ்வரகும்

இயற்கை முறை சந்தேகமில்லாமல் வெற்றி பெறும் இடம் எலும்பும் தசையும்தான். வேடிக்கை என்னவென்றால் இதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை, ஏனெனில் எலும்பு தேய்வது வலிக்காது. மெனோபாஸுக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. பாத்ரூமில் லேசாக வழுக்கி மணிக்கட்டு உடையும்போதுதான் தெரிய வரும்.

மெனோபாஸ் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நம் சமையலறையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350. ஒரு டம்ளர் பாலில் 240 வாக்கில், ஒரு கிண்ணம் தயிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு பிடி முருங்கைக்கீரையில் 150. இட்லிப் பொடியோடு ஒரு ஸ்பூன் எள் சேர்ந்தால் இன்னும் நூறு. இதுவே 1000ஐத் தாண்டிவிட்டது. மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது. வைட்டமின் டி மட்டும் சாப்பாட்டில் போதுமான அளவு கிடைக்காது. வெயில் கொட்டும் ஊரிலேயே நம் பெண்களில் பலருக்கு அது குறைவாகத்தான் இருக்கிறது.

உளுந்தங்களியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். "இடுப்புக்குப் பலம்" என்று பாட்டி சொன்னது, புரதம் சரியாகக் கிடைக்காத வீடுகளில் நியாயமான பேச்சு. அது ஹார்மோனைக் கூட்டாது, அனலை நிறுத்தாது. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"நாள் முழுக்க வீட்டு வேலை, இதைவிட என்ன உடற்பயிற்சி?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். களைப்பு வேறு, பயிற்சி வேறு. எலும்பு உறுதிப்பட அதன் மேல் பாரம் ஏற வேண்டும். நாற்காலியில் கைவைக்காமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தண்டால், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, மாடிப்படி. வாரம் இரண்டு நாள் இதுவும், 150 நிமிட வேக நடையும் போதும். மெனோபாஸுக்குப் பின் கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறும் பழக்கம் உண்டு, அதற்கும் இதே மருந்துதான்.

பேசப்படாதது

அனல் ஒரு நாள் ஓயும். பிறப்புறுப்பு வறட்சி ஓயாது. விட்டுவிட்டால் வருடம் போகப் போகக் கூடும். எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, தும்மினால் கசிவது எல்லாம் இதோடு தொடர்புடையவை. கசிவுக்கு இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விரிக்கும் கீகல் பயிற்சி நன்றாகவே உதவும், மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். வறட்சிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஜெல் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் ஆணுறையை அது கெடுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை போதாதபோது உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் தொடங்கியது. அந்த வருடம் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. கூடியது எவ்வளவு? ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் சுமார் 8 பேர் கூடுதல். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயதோ 63. அறுபதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பது இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே தர வேண்டும். தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வீட்டில் எரிந்து விழுந்துகொண்டு "நான் இயற்கையாகவே சமாளிக்கிறேன்" என்று பல்லைக் கடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், பல வருடங்களில் நடக்க வேண்டியது ஒரே இரவில் நடந்துவிடும். அனலும் மிகக் கடுமையாக இருக்கும். சினைப்பையை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புகளின்படி, இந்தியாவில் இந்த அறுவை சிகிச்சை நடக்கும் இடைநிலை வயது 34 வாக்கில் இருக்கிறது. அந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். யாராவது எடுக்கச் சொன்னால், மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் போன்ற வேறு வழிகள் பார்த்தாயிற்றா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கடைசியாக, தினசரி காலண்டர். எந்தத் தேதியில் எத்தனை நாள் போனது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று மூன்று மாதம் அந்தத் தாளிலேயே குறித்து வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடம்தான் பார்க்கக் கிடைக்கும், அதில் பாதி, "எப்போ கடைசியா வந்தது?" என்பதிலேயே போய்விடும்.

சித்திக்கு 50 வயதில் முழுவதும் நின்றது. 54இல் ஒரு நாள் லேசாகப் பட்டது. "மறுபடியும் குமரியாகிறேன் போல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நின்று 12 மாதம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அப்படி வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கும், தொடக்கத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி. எடுத்துப் பரிசோதித்துக் கெடுதல் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் சித்தி கேட்டாராம், "அந்த ஃபேன் விஷயத்தையும் அப்பவே இவங்ககிட்ட சொல்லியிருக்கலாமோ?"